வரிச் சுவரும் மலிவுச் சரக்கும்: வாசகர் கேள்வி – பதில்

இறக்குமதி வரிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வரியைப் பற்றியவை அல்ல. வாங்கிய சில மாதங்களிலேயே பழுதாகிப்போன பொருட்களைப் பற்றியவை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று வாசகர்கள் உறுதியாக நம்புவது கடிதங்களில் தெரிகிறது. அந்தத் தொடர்பு அவர்கள் நினைக்கும் வடிவில் இருக்கிறதா என்பதைத்தான் இந்த முறை பார்க்க வேண்டியிருக்கிறது. பலர் ஒரே பொருளில் கேட்டவற்றை ஒரே கேள்வியாகச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பெற்றோர் வாங்கிய தையல் இயந்திரமும் மின்விசிறியும் இன்றும் ஓடுகின்றன. நாங்கள் வாங்குபவை இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. வெளிநாட்டு மலிவுச் சரக்கு வந்து குவிந்ததுதான் காரணம் என்றால், கடுமையாக வரி விதித்து அதைத் தடுத்தால் பழைய தரம் திரும்பிவிடாதா?

பதில்: முதலில் ஒரு சிறு திருத்தம். அந்தக் காலத்தில் வாங்கப்பட்டவற்றுள் இன்று நம் கண்ணில் படுபவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. அப்போதே உடைந்து பழைய இரும்புக்குப் போனவை வீட்டிலும் இல்லை, நினைவிலும் இல்லை. அந்தத் தையல் இயந்திரத்தை வாங்குவதற்காக உங்கள் பெற்றோர் எத்தனை மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்தார்கள் என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வருமானத்தில் அதே பங்கைச் செலவிட முன்வருபவருக்கு, நீண்ட நாள் உழைக்கும் இயந்திரம் இன்றும் கிடைக்கத்தான் செய்கிறது. அதன் விலையைக் கேட்டதும் நாம் பக்கத்தில் இருக்கும் மலிவானதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஆனால் உங்கள் குறை முழுவதையும் நினைவின் மயக்கம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு பொருளில் வாங்கும்போதே தெரியும் குணங்கள் சில உண்டு: நிறம், வடிவம், பளபளப்பு, விலை. வாங்கி ஓராண்டு கழித்தே தெரியவரும் குணங்களும் உண்டு: உள்ளே இருக்கும் பல்சக்கரம் உலோகமா நைலானா, சுற்றியிருக்கும் கம்பி முழுத் தாமிரமா அல்லது அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியதா, தகடு எவ்வளவு தடிமன் என்பன போன்றவை. முதல் வகையில் போட்டி கடுமையாக நடக்கிறது. இரண்டாம் வகையில் போட்டியே நடப்பதில்லை, ஏனென்றால் வாங்குபவரால் அதைப் பார்க்க முடியாது. நல்லதையும் மட்டமானதையும் பிரித்தறிய முடியாத சந்தையில் நல்லதற்குரிய விலையை யாரும் தர மாட்டார்கள் என்றும், அதனால் நல்ல சரக்கு சந்தையை விட்டே விலகிவிடும் என்றும் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் விற்பனையை உதாரணமாக வைத்து விளக்கினார். அதற்காகவே 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் சொன்ன நோய், சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்பதைப் பொறுத்தது அல்ல. உள்ளூர் ஆலையில் செய்த பொருளுக்கும் அது வரும்.

இறக்குமதி இந்த நோயைத் தீவிரமாக்குகிறது என்பதை மறுக்கவில்லை. செய்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவே ஆலை, தரகர், இறக்குமதியாளர், முத்திரைக்கு உரிமையாளர், விற்பனையாளர் என்று நீண்ட சங்கிலி உருவாகும்போது, உடைந்த பொருளைப் பற்றிய வசவு அதைச் செய்தவரின் காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை. ஆயினும் அந்தச் சங்கிலியில் தரத்தைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஆலைக்காரர் அல்லர், கொள்முதல் செய்பவர். இன்ன விலைக்குள் செய்து கொடு என்று அவர் சொல்கிறார். ஆலை அந்த விலைக்கு ஏற்றதைச் செய்து கொடுக்கிறது. ஒரே ஆலையின் ஒரு வரிசையில் பத்தாண்டு உழைக்கும் பொருளும், அடுத்த வரிசையில் பத்து மாதம் உழைக்கும் பொருளும் உருவாவது இத்தொழிலில் இருப்பவர்களுக்குச் சாதாரணச் செய்தி.

சுங்க வரியோ மூன்று விவரங்களை மட்டுமே பார்க்கிறது: இது என்ன பொருள், எந்த நாட்டில் உருவானது, இதன் மதிப்பு எவ்வளவு. எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பதற்கு அதன் படிவத்தில் இடமே கிடையாது. பத்தாண்டு உழைப்பதற்கும் பத்து மாதம் உழைப்பதற்கும் அது ஒரே சதவீதத்தையே விதிக்கும்.

கேள்வி: இறக்குமதி வரியை ஏற்றுமதி செய்யும் நாடுதான் கட்டுகிறது என்று அரசியல் தலைவர்கள் பேசுகிறார்கள். உண்மையில் யார் கட்டுகிறார்கள்?

பதில்: சுங்கத்தில் பணம் செலுத்துபவர் இறக்குமதி செய்பவர்தான், அதில் ஐயமே இல்லை. ஏற்றுமதியாளர் சந்தையை இழக்க அஞ்சித் தன் விலையைக் குறைத்துக்கொண்டால் சுமையின் ஒரு பகுதி அவர் மேல் விழும் என்பது கணக்களவில் சரியானதே. 2018இல் அமெரிக்கா அடுக்கடுக்காக வரிகளை விதித்தபோது என்ன நடந்தது என்பதை மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெட்டிங், டேவிட் வைன்ஸ்டைன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வரிக்கு முந்தைய விலைகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன என்பதும், வரியின் சுமை கிட்டத்தட்ட முழுவதுமாக அமெரிக்க இறக்குமதியாளர் மீதும் நுகர்வோர் மீதும் விழுந்தது என்பதும் அவர்கள் கண்டவை.

அதே ஆண்டு ஜனவரியில் சலவை இயந்திரங்களுக்கு விதிக்கப்பட்ட தனி வரி இன்னும் சுவையானது. முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 சதவீதமும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 50 சதவீதமும் வரி. சலவை இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 12 சதவீதம் ஏறியது. வரியே விதிக்கப்படாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது, ஏனென்றால் அமெரிக்காவில் இரண்டையும் இணையாக வாங்குவதே வழக்கம். வரி கட்டத் தேவையில்லாத உள்நாட்டு உற்பத்தியாளர்களும் விலையை ஏற்றினார்கள். ஏறக்குறைய 1,800 வேலைகள் உருவாயின என்றும், நுகர்வோர் கூடுதலாகக் கொடுத்ததை வைத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 8 லட்சத்து 15 ஆயிரம் டாலர் ஆனது என்றும் அமெரிக்க மத்திய வங்கியையும் சிகாகோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும், இயந்திரங்கள் முன்பைவிட அதிக நாள் உழைக்கும் என்று அந்த வரி ஆணையின் எந்த வாக்கியமும் கோரவில்லை என்பதை இந்தப் பக்கத்தின் நோக்கத்துக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: வரி விதித்தால் மட்டமான சரக்கு நின்றுபோய், நல்ல சரக்கு மட்டும் வரும் என்று ஒருவரும், வரி விதித்தால் தரம் இன்னும் சரியும் என்று இன்னொருவரும் என்னிடம் வாதிட்டார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் சரியாக இருக்கக்கூடும். வரி எந்த வடிவில் விதிக்கப்படுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது, இதை விவாதங்களில் யாரும் கவனிப்பதில்லை.

20 டாலருக்கு ஒரு துளையிடும் கருவி, 40 டாலருக்கு அதைவிட நல்ல கருவி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மதிப்பின் மேல் 25 சதவீத வரி விதித்தால் விலைகள் 25 என்றும் 50 என்றும் ஆகும். நல்லது முன்பும் இரு மடங்கு விலை, இப்போதும் இரு மடங்கு விலை. வாங்குபவரின் சட்டைப்பையில் இருந்து எடுக்க வேண்டிய வித்தியாசம் மட்டும் 20 டாலரிலிருந்து 25 டாலராகக் கூடிவிட்டது. மாறாக, மதிப்பைப் பாராமல் ஒவ்வொரு கருவிக்கும் 10 டாலர் என்று விதித்தால் விலைகள் 30 என்றும் 50 என்றும் ஆகும். இப்போது நல்லது மட்டமானதைப் போல் ஒன்றே முக்கால் மடங்கைக்கூடத் தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கையில் அது மலிந்துவிட்டது. எண்ணிக்கையின் மேல் விழும் சுமை நல்ல சரக்கை நோக்கித் தள்ளும். மதிப்பின் மேல் விழும் சுமை அப்படித் தள்ளாது. இன்று உலகில் உள்ள சுங்க வரிகளில் மிகப் பெரும்பாலானவை மதிப்பின் மேல் சதவீதமாக விதிக்கப்படுபவை.

எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினாலும் இதே விளைவுதான். 1981இல் அமெரிக்காவின் நெருக்குதலுக்கு இணங்கி, ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அங்கே அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. அனுப்பும் எண்ணிக்கை கட்டுப்பட்டுவிட்ட பிறகு, ஒவ்வொரு காரிலும் அதிக லாபம் பார்ப்பதுதான் வழி. சிறிய, எளிய கார்களின் இடத்தில் வசதிகள் மிகுந்த பெரிய கார்கள் வரத் தொடங்கின. ஜப்பானிய நிறுவனங்களின் சொகுசுக் கார் முத்திரைகளான ஆக்யுரா 1986இலும், லெக்ஸஸும் இன்ஃபினிட்டியும் 1989இலும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. மலிவான ஜப்பானிய காரைத் தடுக்கப் போய், அமெரிக்க நிறுவனங்களின் மிக லாபகரமான பிரிவுக்குள்ளேயே போட்டியாளரை அழைத்துவந்து உட்கார வைத்த கதை அது.

இதற்கு மறுதலையும் கண்கூடாக நடந்திருக்கிறது. 1974 முதல் ஆடை வணிகத்தைக் கட்டுப்படுத்திய பல்லிழை ஒப்பந்தத்தின் எண்ணிக்கை வரம்புகள் 2005 ஜனவரி 1 அன்று முற்றிலுமாக நீங்கின. அந்த ஒரே ஆண்டில், அதுவரை வரம்பால் கட்டுண்டிருந்த சீன ஆடைகளின் விலை அமெரிக்காவில் 38 சதவீதம் சரிந்தது என்றும், கூடவே தரமும் ஒரு படி இறங்கியது என்றும் பொருளியலாளர்கள் ஜேம்ஸ் ஹாரிகனும் ஜெஃப்ரி பாரோஸும் காட்டினார்கள். உங்கள் சட்டை முன்பைப் போல் உழைக்கவில்லை என்ற குறைக்கு நேரடியான சான்று வேண்டுமென்றால் இதைவிட நெருங்கியது கிடைப்பது அரிது. ஆனால் அந்தத் தரத்துக்கு முன்பு கொடுத்த விலையையும் கூடவே எழுதி வைக்க வேண்டும். அதைக் கொடுக்க இயலாமல் இரண்டு சட்டைகளோடு ஆண்டை ஓட்டியவர்களும் இருந்தார்கள்.

இனி இரண்டாமவர் சொன்னது. விற்பனையாளர் ஒரு பொருளுக்கு 19.99 டாலர் என்று விலை எழுதி வைத்துவிட்டார். அதை 24 டாலராக்கினால் விற்காது என்று அஞ்சுகிறார். புதிதாக விழுந்த வரி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். இறக்குமதியாளர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், ஆலைக்காரர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். மிச்சம் தகட்டின் தடிமனிலிருந்தும் தையலின் நெருக்கத்திலிருந்தும் வரும். விலைச்சீட்டு மாறாது, பொருள் மாறிவிடும். வரிகள் மாதத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் காலத்தில் இது இன்னும் மோசமாகும். அடுத்த ஆண்டு இந்த ஆலையிலிருந்து வாங்குவோமா, வேறொரு நாட்டு ஆலைக்கு மாறிவிடுவோமா என்பதே தெரியாதபோது, நல்ல அச்சு வார்ப்பதற்கும் ஆட்களைப் பழக்குவதற்கும் யார் முதல் போடுவார்கள்? அவசரமாக நாடு மாற்றிய கொள்முதலில் முதல் சில தொகுதிகள் எப்படி இருக்கும் என்பதைப் பொருளைப் பிரித்துப் பார்க்கும் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பொம்மை, விளையாட்டுச் சாமான் என்று பெயரை மாற்றியே வரியைக் குறைத்துவிடுகிறார்களாமே?

பதில்: ஆம். அமெரிக்காவில் மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீதமும் மற்ற விளையாட்டுப் பொருட்களுக்கு 6.8 சதவீதமும் வரி இருந்தது. சித்திரக்கதைகளில் வரும் எக்ஸ்-மென் உருவங்கள் மனிதர்கள் அல்லர், ஆகவே அவை மனித உருவப் பொம்மைகள் ஆகா என்று இறக்குமதியாளர் வாதாடி 2003இல் வழக்கில் வென்றார். காலணியின் அடிப்பாகத்தில் மெல்லிய துணி இழையைப் பரப்பி ஒட்டி, வீட்டுக்குள் அணியும் செருப்பு என்ற குறைந்த வரி வகைக்குள் நுழைப்பதும் இந்த வித்தைகளில் ஒன்று. நடக்கத் தொடங்கிய சில நாட்களில் அந்த இழை தேய்ந்து போய்விடும். வடிவமைப்பாளரின் அறிவு காலணி உழைப்பதற்காகச் செலவாகாமல் வரிப் பட்டியலுக்காகச் செலவாகிறது.

கேள்வி: சில நாடுகளின் சரக்கு என்றாலே மட்டம் என்று ஆகிவிட்டது. அந்த நாடுகளின் பொருட்களை மட்டும் ஒதுக்கிவிட்டால் போதாதா?

பதில்: இந்தப் பட்டியலில் ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த நாடு எது தெரியுமா? ஜெர்மனி. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஜெர்மன் அரசின் சார்பில் சென்ற பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோ, தம் நாட்டுச் சரக்கு ‘மலிவு, மட்டம்’ என்று எழுதித் தம் நாட்டவரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த கத்திகளில், கத்திக்குப் பெயர்போன பிரிட்டிஷ் நகரமான ஷெஃபீல்டின் பெயரைப் பொறித்து விற்கும் வழக்கமும் அப்போது இருந்தது. இதைத் தடுக்க பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டத்தைக் கொண்டுவந்து, வெளிநாட்டுச் சரக்கு எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற சொற்கள் எச்சரிக்கையாகத்தான் பொறிக்கப்பட்டன. சில பத்தாண்டுகளில் அதே சொற்களைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள்.

ஜப்பானுக்கும் அதே கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ‘ஜப்பான் சரக்கு’ என்றால் இரண்டு நாளில் உடையும் தகர பொம்மை என்று பொருள். 1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கை அழைத்துவந்து ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் சங்கம் பாடம் கேட்டது. அடுத்த ஆண்டே அவர் பெயரில் தரத்துக்கான பரிசையும் நிறுவியது. ஏற்றுமதிச் சரக்கை அனுப்புவதற்கு முன்பே சோதிக்கும் சட்டமும் அங்கே இருந்தது. மட்டமான சரக்கு வெளியே போனால் நாட்டின் பெயரே கெடும் என்று, இறக்குமதி செய்யும் நாடு அல்ல, ஏற்றுமதி செய்யும் நாடு கவலைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

தென்கொரியாவின் ஹூண்டாய் எடுத்த வழி வேறு. 1986இல் அமெரிக்காவுக்குள் மிக மலிவான காருடன் நுழைந்து, விற்பனையில் சாதனை படைத்து, பிறகு அந்தக் கார்களின் பழுதுகளால் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 1998 இறுதியில், இயந்திரத்துக்கும் அதன் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பாகங்களுக்கும் 10 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் என்று அறிவித்தது. இதன் நுட்பம் என்னவென்றால், கார் சீக்கிரம் பழுதானால் இனி நட்டம் நிறுவனத்துக்கே. வெளியில் தெரியாத குணத்துக்கு நிறுவனம் தன் பணத்தையே பிணையாக வைத்துவிட்டது. அக்கர்லாஃப் சொன்ன நோய்க்கு நான் அறிந்த மிக நேரான மருந்து இதுதான். இதை ஒரு சுங்க வரியும் செய்யவில்லை.

கேள்வி: வளரும் உள்நாட்டுத் தொழிலுக்குக் கொஞ்ச காலம் பாதுகாப்புக் கொடுத்தால்தானே அது தரத்தில் முன்னேற முடியும்?

பதில்: பழைய வாதம், மதிப்புள்ள வாதமும்கூட. 1791இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் இதைச் சொன்னார். 1841இல் ஜெர்மன் பொருளியலாளர் ஃபிரீட்ரிக் லிஸ்ட் விரிவாக எழுதினார். ஹாமில்டன் வரியைவிட நேரடி ஊக்கத்தொகையையே அதிகம் விரும்பினார் என்பதை அவரை மேற்கோள் காட்டுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஊக்கத்தொகை பொருளின் விலையை ஏற்றாது. எவ்வளவு செலவாகிறது என்பது அரசின் கணக்கிலும் தெரியும்.

தரத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியை நேரடியாக ஆராய்ந்தவர்கள் மேரி அமிட்டியும் அமித் கண்டேல்வாலும். 56 நாடுகள் அமெரிக்காவுக்கு அனுப்பிய ஏறத்தாழ 10,000 வகைப் பொருட்களை எடுத்துப் பார்த்து, 2013இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இரு பக்கமும் வெட்டுவது. உலகின் முன்னணித் தரத்துக்கு அருகில் இருக்கும் தொழில்களில் சொந்த நாட்டின் இறக்குமதி வரி குறையும்போது தரம் விரைந்து உயர்கிறது; வெகு தொலைவில் பின்தங்கிய தொழில்களிலோ வரி குறைந்தால் தரத்தை உயர்த்தும் முயற்சியே தளர்ந்துவிடுகிறது. எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் ஓடுபவனைக் கண்டால் வேகம் கூடும், அடிவானத்தில் மறைந்துவிட்டவனைக் கண்டால் கால்கள் சோரும். ஆகவே தொடக்கத்தில் பாதுகாப்பும், பிறகு அதை விலக்குவதற்கான தேதியும் இரண்டுமே தேவை. தொடக்கத்தைத் தருவது எளிது. தேதியைக் கடைப்பிடித்த அரசுகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் கோழி இறைச்சிக்கு விதித்த வரிக்குப் பதிலடியாக அமெரிக்கா 1964இல் சிறு சரக்குந்துகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. வரி இன்றும் இருக்கிறது.

போட்டியே இல்லாத சந்தை எப்படி இருக்கும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனியின் டிராபான்ட் கார் உதாரணம். 1957 முதல் 1991 வரை 30 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1964இல் வந்த மாதிரியே பெரிய மாற்றமின்றி ஏறக்குறைய கடைசி வரை ஓடியது. பெயரைப் பதிந்துவிட்டுப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பதால் பழைய கார் புதியதைவிட அதிக விலைக்குப் போனது. ஆனால் உரிமையாளரே திருகி மாட்டிச் சரிசெய்துகொள்ளும் அளவுக்கு எளிய அமைப்பு என்பதால் அந்தக் கார்கள் வெகு நாள் உழைத்தன. புகை கக்கும், மெதுவாகப் போகும், ஆனால் உழைக்கும்: தரம் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை தனித்தனிச் சரக்குகளை நாம் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம் என்பதை அந்தக் கார் நினைவூட்டுகிறது.

கேள்வி: நான் ஒரு சிறு பட்டறையில் கைக்கருவிகள் செய்கிறேன். என் போன்றோரைக் காப்பாற்ற வரி உதவாது என்கிறீர்களா?

பதில்: எந்தப் பொருளின் மேல் வரி என்பதைப் பொறுத்தது. எஃகுக்கு வரி விதித்துவிட்டு, எஃகால் செய்து முடித்த கருவிக்குக் குறைவாக விதித்தால், உங்களுடைய மூலப்பொருள் விலை ஏறும், உங்கள் போட்டியாளரின் சரக்கு மட்டும் முன்போலவே வரும். அமெரிக்கா 2018 மார்ச்சில் எஃகுக்கு 25 சதவீத வரி விதித்து, 2025 ஜூனில் அதை 50 சதவீதமாக்கியது. எஃகு உருக்குபவர்களைவிட எஃகை வாங்கிப் பொருள் செய்பவர்களே பல மடங்கு அதிகம். அப்போது பட்டறைக்காரருக்கு இருப்பவை இரண்டே வழிகள்: விலையை ஏற்றுவது, அல்லது மலிவான எஃகுக்கு மாறுவது. இரண்டாவதைத் தேர்ந்தவரின் உளி எத்தனை முறை சாணை பிடிக்கத் தாங்கும் என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

வெளிநாட்டு ஆலை தன் உள்நாட்டு விலையைவிடக் குறைத்து உங்கள் சந்தையில் கொட்டுகிறது என்று காட்ட முடிந்தால் கதை வேறு. அதற்கு எதிரான தனி வரியை உலக வணிக ஒப்பந்தங்களே அனுமதிக்கின்றன. அதைக் கேட்டு முறையிட வழக்கறிஞரும் கணக்காயரும் வேண்டும் என்பதால், அந்தக் கதவு சிறு பட்டறைகளைவிடப் பெரிய ஆலைகளுக்கே எளிதாகத் திறக்கிறது.

கேள்வி: இணையத்தில் பதிவு செய்தால் கடல் கடந்து வீட்டு வாசலுக்கே வரும் சிறு பொட்டலங்களுக்கு வரியே இல்லை என்கிறார்களே?

பதில்: இல்லாமல் இருந்தது. சில்லறை மதிப்புள்ள பொட்டலத்துக்கு வரி வசூலிக்கும் செலவே வரியைவிட அதிகம் என்ற நியாயமான எண்ணத்தில் உருவான விலக்கு அது. அமெரிக்கா 2016இல் அதன் வரம்பை 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்தியது. 2024 நிதியாண்டில் இந்த வழியில் நுழைந்தவை 136 கோடிப் பொட்டலங்கள். சீனச் சரக்குக்கு 2025 மே மாதத்திலும், மற்ற எல்லா நாடுகளின் சரக்குக்கும் அதே ஆண்டு ஆகஸ்டிலும் விலக்கு நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் நுழைந்த சிறு மதிப்புப் பொட்டலங்கள் ஏறத்தாழ 460 கோடி.

வரியிழப்பைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஒரு சரக்குப் பெட்டகத்தில் 10,000 மின்னேற்றிகள் வந்தால் அதிகாரி ஒன்றை எடுத்துச் சோதிக்கலாம். தவறானால் பொறுப்பேற்க ஓர் இறக்குமதியாளர் இருப்பார். அதே 10,000 மின்னேற்றிகள் 10,000 உறைகளில் வந்தால் சோதிக்கவும் முடியாது, பிடிக்கவும் ஆள் இல்லை. சட்டத்தின் கண்ணில் இறக்குமதியாளர் நீங்களே ஆகிவிடுகிறீர்கள். இந்த ஓட்டையை அடைத்ததை, மற்ற வரிகளை எவ்வளவு குறை சொன்னாலும், நான் சரி என்றே சொல்வேன்.

கேள்வி: குறித்த காலத்தில் பழுதாகும்படி நிறுவனங்கள் திட்டமிட்டே செய்கின்றனவா?

பதில்: ஒரு முறை ஆவணங்களோடு பிடிபட்டிருக்கிறார்கள். 1924இல் ஜெனீவாவில் ஆஸ்ரம், ஃபிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்து, ஒரு விளக்கின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று வகுத்தன. அதற்கு முன் 1,500 முதல் 2,000 மணி நேரம் எரிந்த விளக்குகள் உண்டு. உறுப்பினர்களின் விளக்குகளைச் சோதித்து, வரையறையை மீறி நெடுநேரம் எரிந்தால் அபராதம் விதித்தார்கள். அவர்கள் தரப்பில் ஒரு நியாயமும் இருந்தது: இழை விளக்கு நெடுநாள் எரிய வேண்டுமானால் மங்கலாக எரிய வேண்டும், அதே மின்சாரத்துக்குக் குறைந்த வெளிச்சமே கிடைக்கும். ஆயினும் வெளிச்சத்தில் மட்டுமே அக்கறை உள்ளவர்கள் சந்தைகளைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இங்கே தரத்தைக் குறைத்தவர்கள் மலிவுச் சரக்குக்காரர்கள் அல்லர், சந்தையின் மிகப் பெரிய, மிக மதிப்புள்ள பெயர்கள்.

இன்று அப்படிப்பட்ட கூட்டு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மின்கலத்தைப் பசையால் ஒட்டிவிட்டு உதிரிப் பாகத்தை விற்காமல் இருந்தால் போதும். பிரான்ஸ் 2015இல் பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதைக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறையும் 3 லட்சம் யூரோ அபராதமும் வகுத்தது. நோக்கத்தை நிரூபிப்பது கடினம் என்பதால், 2021இல் கைப்பேசி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்குப் பழுதுபார்க்கும் எளிமையை 10க்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக விலைக்குப் பக்கத்திலேயே காட்டச் செய்தது. சிறைத் தண்டனையைவிட இந்த மதிப்பெண்ணில்தான் எனக்கு நம்பிக்கை.

கேள்வி: அப்படியானால் வரியைத் தவிர அரசு செய்யக்கூடியது என்ன, வாங்குகிற நான் செய்யக்கூடியது என்ன?

பதில்: அரசுக்கு உதாரணம் 2007. இறக்குமதியான பொம்மைகளின் பெயின்டில் ஈயம் இருப்பது தெரிந்து அந்த ஆண்டு அமெரிக்காவில் லட்சக்கணக்கானவை திரும்பப் பெறப்பட்டன. அதற்கு விடையாக வந்தது வரி அல்ல, சட்டம். 2008இல் இயற்றிய அந்தச் சட்டம் பெயின்டில் ஈயத்தின் வரம்பைப் பத்து லட்சத்தில் 600 பங்கிலிருந்து 90 பங்காகக் குறைத்து, குழந்தைகளுக்கான பொருட்களைத் தனி ஆய்வகத்தில் சோதிப்பதையும் கட்டாயமாக்கியது. உள்நாட்டுச் சரக்கானாலும் வெளிநாட்டுச் சரக்கானாலும் ஒரே விதி. பாரபட்சமின்றி இருக்கும்வரை இப்படிப்பட்ட விதிகளை உலக வணிக அமைப்பும் ஏற்கிறது. தர விதி என்ற பெயரில் வேண்டாதவரின் சரக்கை மட்டும் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடத்தும் தந்திரமும் உண்டு என்பதால் அந்த நிபந்தனை அவசியமானது. பாதுகாப்புக்கு இருக்கும் இந்த ஏற்பாட்டை உழைக்கும் ஆயுளுக்கும் நீட்டும் முயற்சிதான் 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கே விற்கும் கைப்பேசியின் மின்கலம் 800 முறை மின்னேற்றிய பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். எந்த நாட்டு ஆலையில் செய்தது என்று அந்த விதி கேட்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது மிகச் சிறியது. வாங்குமுன் உதிரிப் பாகம் தனியாக விற்கிறார்களா என்று பாருங்கள். உத்தரவாத அட்டையில் எத்தனை ஆண்டு என்பதோடு, பழுதானால் யாரிடம், எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பொருளைக் கவிழ்த்துப் பிடித்துத் திருகாணிகள் தெரிகின்றனவா, பசையால் ஒட்டி மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். நான் கடைசியாக வாங்கிய மேசை விளக்கை இப்படிக் கவிழ்த்துப் பார்க்காமல் கொண்டுவந்துவிட்டேன். நான்காம் மாதம் உள்ளே ஒரு கம்பி விட்டுப்போனது. பற்றவைக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதைத் திறக்கும் வழியை நானும் பழுதுபார்ப்பவரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.